முடியாது, பிடிக்காது: நீண்ட தூர சைக்கிளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

400 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில், 310-ஆவது கிலோமீட்டரில், இரவு இரண்டரை மணிக்கு, மூடிக் கிடந்த ஒரு கடையின் படிக்கட்டில் உட்கார்ந்து விலகிக்கொண்டேன். காலில் வலி இல்லை. சைக்கிளில் கோளாறு இல்லை. மீதி 90 கிலோமீட்டருக்கு ஆறரை மணி நேரம் கையில் இருந்தது. மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் உருட்டினாலே போதும். ஆனாலும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. கூட வந்துகொண்டிருந்த அண்ணன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, முடியவில்லையா, பிடிக்கவில்லையா?"

"முடியவில்லை அண்ணா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பதில் தவறு என்று எனக்கு விளங்கச் சில மாதங்கள் பிடித்தன. அதன் பிறகு எந்த ஓட்டத்துக்குப் போவது, எதற்குப் போகாமல் இருப்பது என்பதை அவருடைய கேள்வியை வைத்தே முடிவு செய்து வருகிறேன்.

நூறு கிலோமீட்டரைத் தாண்டி ஓட்ட ஆசைப்படுகிறவர் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. காலையில் கிளம்பி மாலைக்குள் வீடு திரும்பும் ஒருநாள் ஓட்டம் ஒன்று. குறித்த நேரத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டிய பிரெவே இரண்டாவது. பை கட்டிக்கொண்டு நாள்கணக்கில் போகும் பயணம் மூன்றாவது. மூன்றிலும் பெடல் ஒன்றுதான். ஆனால் நம்மிடம் எது முதலில் தீர்ந்துபோகிறது என்பது மூன்றிலும் வேறு வேறு.

ஒருநாள் ஓட்டம்

100 முதல் 150 கிலோமீட்டர். இதில் முதலில் தீர்வது பெரும்பாலும் உடம்பில் இருக்கும் சரக்கு. உடம்பு தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 400 முதல் 500 கிராம். ஓரளவு வேகமாக மிதித்தால் சில மணி நேரத்தில் அது கரைந்துவிடும். அதன் பிறகு கால் திடீரென்று வேறு யாருடையதோ போல ஆகிவிடும். சிறு மேடும் மலையாகத் தெரியும். முதல் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டிருந்தால் இந்த நிலை வராது. பசித்த பிறகு சாப்பிடுவது தாமதம். இதைத் தெரிந்துகொண்ட அன்றே என் எல்லை 80-லிருந்து 130-க்குத் தாவியது. பயிற்சியால் வந்த முன்னேற்றம் இல்லை அது. சட்டைப் பையில் கை போனதால் வந்தது.

இந்த வகையின் பெரிய வசதி, காற்றை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது. எதிர்காற்றைப் போகும்போதே வாங்கிக்கொண்டு, திரும்பும்போது முதுகில் ஏற்றுக்கொள்ளலாம். உடம்பு சரியில்லை என்றால் பாதியில் திரும்பலாம், யாரும் கேட்கமாட்டார்கள். இரவு சொந்தப் படுக்கை. குறை என்றால், 120 கிலோமீட்டர் ஓட்டத்தில் வீட்டிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. எல்லா ஓட்டமும் அதே தெருவில் தொடங்கி அதே தெருவில் முடியும். இரண்டு வருடத்தில் ஒவ்வொரு வேகத்தடையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிவிடுகிறது. அந்தச் சலிப்புதான் பலரை அடுத்த வழிக்குத் தள்ளுகிறது. சலிப்பு வராதவர்களுக்கு நான் சொல்வது, இங்கேயே இருந்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர் இருநூறுக்குப் போயே தீர வேண்டும் என்ற விதியை யார் எழுதினார்களோ தெரியவில்லை.

பிரெவே

பிரெவே என்பது பந்தயம் இல்லை. முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற வரிசை கிடையாது. குறித்த பாதையில், இடையிடையே இருக்கும் சாவடிகளில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு, நேர வரம்புக்குள் முடித்தால் தேர்ச்சி. சாவடிகளுக்கு நடுவில் நமக்கென்று வண்டி வைத்து உதவி பெறக் கூடாது. பஞ்சரானால் நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். 1904-இல் தொடங்கப்பட்ட ஓடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற பிரெஞ்சுச் சங்கம் 1921 முதல் இப்போதைய முறையில், அதாவது அவரவர் வேகத்தில் ஓட்டும் முறையில், இதை நடத்தி வருகிறது. அதற்கு முந்தைய ஓடாக்ஸ் முறையில் குழுத் தலைவர் முன்னே போக எல்லாரும் ஒரே கூட்டமாக ஒரே வேகத்தில் போவார்கள். அந்த முறையும் இன்னும் வழக்கொழியவில்லை. வேகம் மணிக்கு 22.5 கிலோமீட்டர்.

நேர வரம்புகளைப் பாருங்கள். 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி நேரம். 300-க்கு 20. 400-க்கு 27. 600-க்கு 40. வகுத்துப் பார்த்தால் நான்கிலும் மணிக்கு 15 கிலோமீட்டரைச் சுற்றியே வரும். 1000 கிலோமீட்டருக்கு 75 மணி, 1200-க்கு 90 மணி என்னும்போது அது 13.3-ஆகக் குறையக்கூடச் செய்கிறது. தூரம் கூடும்போது வேகம் கூட வேண்டியதில்லை. 200 முடித்தவருக்கு 600-க்கான வேகம் ஏற்கெனவே இருக்கிறது.

அப்படியானால் எது கூடுகிறது? காலை ஆறு மணிக்குக் கிளம்பியதாக வைத்துக்கொள்வோம். 200-இன் கடைசி நேரம் அன்று மாலை ஏழரை. 300-க்கு நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. 400-க்கு மறுநாள் காலை ஒன்பது. 600-க்கு மறுநாள் இரவு பத்து. கிலோமீட்டர் என்று பெயர் சொல்லி நமக்கு விற்கப்படுவது உண்மையில் இரவு. 200 என்பது பகல் ஓட்டம். 300 என்பது பகலோடு ஒட்டிய முன்னிரவு. 400-இல்தான் ஒரு முழு இரவு முதல்முறையாகக் குறுக்கே வந்து நிற்கிறது.

மிதிக்கும்போது சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டர் போகிறவர் 400-ஐ முடிக்க 20 மணி நேரம் மிதிக்க வேண்டும். சாப்பாடு, முத்திரை, பஞ்சர், தூக்கம் எல்லாவற்றுக்கும் ஏழு மணி மிச்சம். அதே ஆள் 600-க்குப் போனால் பத்து மணி மிச்சம். கேட்க நிறையத் தோன்றும். ஆனால் சாவடிக்குச் சாவடி அரை மணி நேரம் கரைந்துவிடும். தூங்கக் கிடைப்பது இரண்டு, மூன்று மணி. அதனால்தான் 600 ஓட்டிப் பழகிய சிலர், 400 அதைவிடக் கடினம் என்கிறார்கள். 600-இல் படுக்க ஒரு இடம் திட்டத்திலேயே இருக்கும். 400-இல் படுத்தால் நேரம் போகிறது, படுக்காவிட்டால் கண் போகிறது. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகக்காரருக்கு மிச்சம் ஐந்து மணியும் இல்லை. தன் வேகம் எது என்று தெரியாமல் 400-க்குப் பெயர் கொடுப்பது தேவையில்லாத துணிச்சல்.

தூக்கத்தைப் பற்றி ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் கை வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் உடம்பின் கடிகாரமே அடிமட்டத்தில் இருக்கும். அந்த நேரத்தில் "வைராக்கியம் வேண்டும்" என்று சொல்கிறவர்கள்மீது எனக்கு மரியாதை இல்லை. சாலையில் மற்றவர்களும் இருக்கிறார்கள். 20 நிமிடம் படுத்து எழுவது வைராக்கியத்தைவிட நன்றாக வேலை செய்கிறது. காபி குடிப்பதென்றால் படுப்பதற்கு முன் குடிக்கலாம். அது ஏறுவதற்குள் ஒரு குட்டித் தூக்கம் முடிந்திருக்கும்.

இத்தனைக்கும் பிரெவேயில் ஒரு மயக்கம் இருக்கிறது. ஒரே ஆண்டில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தால் சூப்பர் ராண்டனர் என்ற பட்டம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸின் 1200 கிலோமீட்டருக்கு, அதே ஆண்டில் முடித்த அந்த நான்கும்தான் நுழைவுச்சீட்டு. அந்தப் பாதையில் 1891-இல் முதன்முதலாக நடந்தது உண்மையான பந்தயம். ஷார்ல் தெரோன் என்பவர் ஏறக்குறைய 71 மணி 22 நிமிடத்தில், தூங்காமல் முடித்து வென்றார். இன்று அதே தூரத்தைச் சாதாரண ஆட்கள் 90 மணி நேரத்தில் முடிக்கிறார்கள். இந்த ஏணி கண்ணுக்கு எதிரே நிற்கும்போது, ஏறாமல் இருப்பது தோல்வியாகத் தெரிகிறது. ஏணி என்றால் அடுத்த படி என்று ஒன்று இருக்கும். கடைப் படிக்கட்டில் உட்கார்ந்தபோது என்னை அழுத்தியது அதுதான்.

பல நாள் பயணம்

பெயர் கொடுக்க வேண்டாம், முத்திரை வேண்டாம். நாளுக்கு 60 முதல் 90 கிலோமீட்டர், இருட்டுவதற்குள் படுக்கை. மணிக்கு 15 கிலோமீட்டர் போனாலும் 80 கிலோமீட்டருக்கு ஐந்தரை மணி நேரம்தான். மிச்சப் பகல் முழுவதும் நம்முடையது. ஆற்றைப் பார்த்தால் நிற்கலாம். பிரெவேயில் நான் கடந்துபோன ஆறுகளின் எண்ணிக்கை எனக்குத் தெரியும். ஒன்றின் நிறமும் நினைவில் இல்லை.

இங்கே முதலில் கைவிடுவது உட்காரும் இடம். ஒருநாள் ஓட்டத்தில் உராய்ந்த தோல் மறுநாள் ஆறிவிடும். பிரெவேயில் பல்லைக் கடித்து முடித்துவிட்டு ஒரு வாரம் உட்காராமல் இருக்கலாம். பயணத்தில், ஆறாத தோலின்மேலேயே அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் ஏறி உட்கார வேண்டும். வியர்வை ஈரமும் உராய்வும் சேர்ந்து மயிர்க்காலில் கட்டியாகக் கிளம்பினால் மூன்றாவது நாள் பயணம் முடிந்தது. என் முதல் பயணம் அப்படித்தான் முடிந்தது. "எனக்கு இந்த மாதிரிப் பயணமெல்லாம் பிடிக்காது, ஒரே இழுவை" என்று ஒரு வருடம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் என் சீட் என் உட்காரும் எலும்புகளின் அகலத்துக்குக் குறுகலாக இருந்தது. உயரமும் ஒரு விரற்கடை அதிகம், ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடியது. அகலமான சீட்டை மாட்டி, உயரத்தைக் குறைத்து, கால்சட்டையைத் தினமும் துவைத்து முழுக்க உலர்த்தி அணிந்தபோது ஐந்தாவது நாளும் உட்கார முடிந்தது. பயணம் பிடித்தும்போனது.

இன்னொரு கணக்கு, சுமை. ஆளும் வண்டியும் 84 கிலோ என்றால், 14 கிலோ பைகளை ஏற்றியதும் ஒவ்வொரு மேட்டிலும் ஆறில் ஒரு பங்கு கூடுதல் வேலை. சமதரையில் அவ்வளவாகத் தெரியாது, ஏற்றத்தில் தெரியும். மலையைக் கண்டாலே வெறுப்பு என்கிற பலருடைய பிரச்சினை மலை இல்லை. அவர்கள் வண்டியில் போதுமான அளவு இலகுவான கியர் இல்லை. பின்சக்கரத்தில் பெரிய பற்சக்கரம் ஒன்றை மாட்டிக்கொடுத்தால் அதே ஆள் பாடிக்கொண்டே ஏறுவார்.

இரண்டு சொற்கள்

அண்ணனின் கேள்வி இங்கேதான் உதவுகிறது. முடியாது என்று நாம் சொல்வதில் பாதி பிடிக்காததாக இருக்கும். பிடிக்காது என்பதில் பாதி முடியாததாக இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு தேர்ந்தெடுப்பதால்தான் தவறான வழியில் இரண்டு மூன்று வருடம் போய்விடுகிறது.

முடியாதவற்றில் பெரும்பாலானவை சரி செய்யக்கூடியவை. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போவது, உள்ளங்கையில் ஒரு நரம்பு அழுந்துவதால் வருவது; ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்தி, பிடியை அடிக்கடி மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் ஓட்டம் முடிந்து நாள்கள் கழித்தும் விரல் விழிக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும், அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கக் கூடாது. குமட்டலும் அப்படித்தான்: வேகத்தைக் குறைத்தால் வயிற்றுக்கு இரத்தம் திரும்பும். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கமும் குழப்பமும் வரும். வெயில் களைப்பு என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுப்பார்கள். தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதும், உணவில் உப்பு இருப்பதும் போதும்.

சரி செய்ய முடியாத முடியாதவைகளும் உண்டு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பந்தயங்களில் கழுத்துத் தசை கைவிட்டு, தலை மார்பில் தொங்கிவிடும். 1983-இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பந்தயத்தில் அப்படிப் பாதிக்கப்பட்ட மைக்கேல் ஷெர்மரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். நம் தூரங்களில் அது அரிது. நமக்கு இருப்பவை வயது, பழைய முழங்கால் காயம், திங்கட்கிழமை காலை வேலை. கடைசியாகச் சொன்னது மிகவும் கடுமையான வரம்பு.

பிடிக்காதவற்றை எந்தப் பற்சக்கரத்தாலும் மாற்ற முடியாது. எனக்கு இரவில் சைக்கிள் ஓட்டப் பிடிக்காது. இதைச் சொல்ல எனக்கு இத்தனை காலம் ஆனது. நான் ஓட்டுவதே பார்ப்பதற்குத்தான். விளக்கு வட்டத்துக்கு வெளியே ஒன்றும் தெரியாத பத்து மணி நேரத்தை எதற்காக மிதிக்கிறோம் என்ற கேள்விக்கு அந்தக் கடைப் படிக்கட்டில் என்னிடம் பதில் இல்லை. அண்ணனுக்கு அதே இருட்டுதான் வேண்டும். வண்டிகள் ஓய்ந்து, சங்கிலியின் சத்தமும் தன் மூச்சும் மட்டும் கேட்கும் நேரத்துக்காகவே பகலைச் சகித்துக்கொள்கிறேன் என்பார். அவருக்கு 600 ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அவரால் ஐந்து நாள் விடுப்பு எடுக்க முடியாது. ஒரே வார இறுதிக்குள் உலகத்தைச் சுற்ற வேண்டுமானால் பிரெவேயை விட்டால் வழியில்லை.

துணையும் வேகமும்

மணிக்கு 20-இலிருந்து 25 கிலோமீட்டருக்குப் போனால், காற்றைக் கிழிக்கும் வேலை மட்டும் ஏறக்குறைய இரு மடங்காகிறது. அந்த வேலை வேகத்தின் மும்மடிப் பெருக்கில் ஏறுவது. முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டால் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். அதனால் குழு ஓட்டம் பெரிய கவர்ச்சி. ஆனால் ஒரு குழுவின் வேகம் நமக்கு வசதியான வேகத்தைவிட இரண்டு கிலோமீட்டர் அதிகமாக இருந்தாலே, காலையில் சேமித்ததையெல்லாம் மாலையில் வட்டியோடு கட்ட வேண்டும். என்னால் பேசிக்கொண்டு மிதிக்க முடிகிறதா என்று பார்ப்பேன். மூச்சு இடைவெளியில்தான் சொல் வருகிறது என்றால் குழுவை விட்டுவிடுவேன்.

ஒருநாள் ஓட்டத்துக்குக் குழு நல்லது. பிரெவேயில் இரவுக்கு மட்டும் ஒருவர் வேண்டும், முக்கியமாகத் தூங்கி விழாமல் பார்த்துக்கொள்ள. பயணத்துக்கு ஒரே ஒருவர், அதுவும் நிற்க வேண்டிய இடங்களில் ஒத்த கருத்து உள்ளவர். இதில் வேகப் பொருத்தத்தைவிட நிறுத்தப் பொருத்தம் முக்கியம் என்பது என் அபிப்பிராயம். சமமான கால்கள் உள்ள இருவர் சாப்பாட்டு நேரத்தில் சண்டை போட்டுப் பிரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

புதிதாக வருகிறவர் என்னிடம் கேட்டால், முதலில் ஒரு 200 பிரெவே ஓட்டச் சொல்வேன். ஒரே பகலில் முடிந்துவிடும். சாவடி, முத்திரை, நேரக் கணக்கு எல்லாவற்றின் ருசியும் தெரிந்துவிடும். அடுத்து, 300-க்குப் பெயர் கொடுப்பதற்கு முன், எந்தக் கட்டாயமும் இல்லாத ஒரு நாளில் மாலை ஆறிலிருந்து நள்ளிரவு வரை தெரிந்த சாலையில் நல்ல விளக்கோடு ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். அதே மாதத்தில், தொடர்ந்து மூன்று நாள் எழுபது எழுபதாக ஓட்டிப் பார்க்க வேண்டும். பை இல்லாமல் வீட்டிலிருந்தே போய்வந்தாலும் போதும். இரவு ஓட்டத்தில் உற்சாகம் ஏறியதா, மூன்றாம் நாள் காலையில் சீட்டைப் பார்த்ததும் முகம் சுளித்ததா என்பதை அன்றன்றே குறித்து வைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து எழுதினால் பெருமையும் சேர்ந்துவிடும். சுளித்தது முகமா தோலா என்றும் எழுதிக்கொள்ளுங்கள். தோல் என்றால் சீட்டை மாற்றுங்கள். முகம் என்றால் வழியை மாற்றுங்கள்.

இந்தப் பருவத்துக்கு என் தேர்வு: ஒரு 200, ஒரு 300, பிறகு ஆறு நாள் பயணம். 300-ஐயும் இருட்டிய சில மணி நேரத்தில் முடிக்கும்படி விடியலுக்கு முன்பே தொடங்கும் ஓட்டமாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். 400 பட்டியலில் இல்லை. அண்ணனிடம் சொன்னபோது, "முடியவில்லையா, பிடிக்கவில்லையா?" என்று மறுபடியும் கேட்டார்.

"பிடிக்கவில்லை அண்ணா."

"சரி, அப்படியானால் உன் பின்விளக்கைக் கொடு. 600-க்கு எனக்கு இரண்டு வேண்டும்" என்றார். கழற்றிக் கொடுத்துவிட்டேன், பயணத்துக்கு முன் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.